கூழைக்கடாவும் சாவு மேளமும்

அகரத்தாங்கல் ஏரியில் கூழைக்கடா முட்டையிட ஆரம்பித்துவிட்டால் காலனிக்காரர்கள் சாகக்கூடாது. செத்தே தீருவேன் என்றால் சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டும். மேளம் கூடாது, பட்டாசு கூடாது, கானாப் பாட்டு கூடாது. ஐப்பசி மழையில் ஏரி நிறைவதிலிருந்து பங்குனியில் கடைசிக் குஞ்சு பறக்கிறவரை இதுதான் கட்டுப்பாடு.

ஏரிக்குள் மூன்று மண்திட்டுகள். திட்டு முழுக்கக் கருவேல மரங்கள், மரம் முழுக்கக் கூடுகள். அவற்றுக்கு நேர் எதிரே, கரையை ஒட்டிக் காலனியின் இடுகாடு. ஊர்த்தெருவுக்கு வேறு சுடுகாடு உண்டு. அது தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓடையோரம். அங்கே சரவெடி வெடித்தால் பறவைகளுக்குக் கேட்காது என்று பறவை நேசர் சங்கம் முடிவு செய்திருந்தது. பறவைகளைக் கேட்டார்களா என்று தெரியவில்லை. காலனியைக் கேட்கவில்லை என்பது தெரியும்.

சங்கத்தின் தலைவர் கோதண்டபாணி. ஊர்த்தெருவில் மாடி வீடு, காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை. பறவைகள் மேல் அவருக்கு இருந்த அன்பு பால் கேன் பருமனுக்கு ஒரு கேமராவாக அவர் கழுத்தில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். கரைமேல் நின்று “வாவ்” என்பார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வீட்டுக்கு இட்லி சாப்பிடப் போவார்கள். அழுகிய மீனும் எச்சமும் கலந்த அந்த நாற்றம் படத்தில் விழாது. போன வருஷம் கடையில் ‘கூழைக்கடா கலெக்‌ஷன்’ என்று ஒன்றை இறக்கினார். சாம்பல் நிற உடல், வெளிர் ரோஜா முந்தானை, பார்டரில் வரிசையாக அலகு. ஒவ்வொரு சேலையோடும் ஓர் அட்டை: ‘இந்தச் சேலை ஒரு கூட்டைக் காக்கிறது.’ எந்தக் கூட்டை என்று எந்தக் கல்யாணப் பெண்ணும் கேட்டதில்லை.

கூட்டைக் காத்தது முனுசாமி. சங்கம் அவருக்கு ஒரு காக்கிச் சட்டையும் தொப்பியும் கொடுத்து ‘பறவைக் காவலர்’ என்று பெயர் வைத்திருந்தது. பஞ்ச காலத்தில் அந்தத் திட்டுகளுக்கு மண் சுமந்த காலனிப் பிள்ளைகளில் அவரும் ஒருவர் என்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். அவரும் மறந்திருந்தார். காக்கிச் சட்டை போட்ட அன்றுதான் பிறந்ததாக அவருக்கு நினைப்பு. பறவைகளை அவருக்கு ஒன்றும் பிடிக்காது. “பேல்றதுக்குன்னே பொறந்த ஜென்மம்” என்று வீட்டில் திட்டுவார். மனிதர்களை அதட்டுவதுதான் அவருக்குப் பிடித்தது. தீபாவளிக்குப் பிள்ளைகளின் மத்தாப்பில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே தை மாதத்தில், கூடப்பிறந்த அண்ணன் ராமலிங்கம் செத்தபோது பாடைக்கு முன்னால் கையை விரித்து நின்று மேளக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். ராமலிங்கம் செருப்புச் சத்தத்தோடு மட்டும் போனார். அன்றிலிருந்து அண்ணி தில்லையம்மாள் முனுசாமி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்போது தை பிறந்து பனிகூட விடாத ஒரு காலையில், கரைமேல் நடந்துகொண்டிருந்த முனுசாமி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. காலனி துக்கப்பட்டது. ஆனால் துக்கத்தைவிட ஆவல் அதிகமாக இருந்தது. மேளம் உண்டா இல்லையா?

ஷபியுல்லா டெம்போவில் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். காஞ்சிபுரத்தில் சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, பூப்பல்லக்கு எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே முகத்தோடு வருவார். டி.வி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பிளக்கைச் சொருகினார். பெட்டி உறுமியது. முனுசாமியின் மகன் ஜான்சன் தலைமாட்டில் கைகட்டி நின்றான். அது பிரசவம் பார்த்த நர்ஸ் வைத்த பெயர். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியையும் சார் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு முதுகு லேசாக வளைந்திருந்தது.

“தங்கச்சி, செட்டு எப்டி சொல்றது?” என்று ஷபியுல்லா பெட்டியருகே உட்கார்ந்திருந்த கங்கையம்மாளைக் கேட்டார். “மேளம், பூப்பல்லக்கு, மெட்ராஸ் கானாப் பார்ட்டி, சரவெடி எல்லாம் சேத்து ஒண்ணு இருக்குது. சீசன்ல உங்க சைடுக்குன்னு சைலண்ட் செட்டு ஒண்ணு இருக்குது. வெறும் பூ.”

“சைலண்டா?”

“நான் வெச்ச பேரு இல்லமா. சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்கோ.”

“எம் புருசன் இன்னா திருட்டுப் பொணமா பாய், யாருக்கும் தெரியாம எடுத்துக்கினு போறதுக்கு?”

“அரே, நான் சொல்வேனா?”

“மேளம் வேணும். அந்த ஆளு உயிரோட இருந்தப்போ ஒருத்தன் மதிச்சதில்ல. போறப்பவாவது நாலு தெரு திரும்பிப் பாக்கணும். நாய் செத்தாக்கூட நாலு நாயி ஊளையிடுது.”

“யம்மா,” என்றான் ஜான்சன். “கோதண்டபாணி சாரு போன் பண்ணாரு. வந்துக்கினே இருக்காராம். அவர ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“உங்க நைனா செத்ததுக்கு அவரு இன்னாடா பர்மிசன் குடுக்கறது?”

மகள் அபி சுவரில் சாய்ந்திருந்தாள். காஞ்சிபுரத்துக் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவள். வீட்டில் பறவைகளை உண்மையாகவே பிடித்திருந்தது அவளுக்கு மட்டும்தான். அந்தக் காரணத்துக்காகவே சங்கத்துக்காரர்களைப் பிடிக்காது. அழுது முகம் வீங்கியிருந்தது.

“மேளம் வேணாம்னு நான் சொல்லலமா. ஏரியாண்ட வேணாம். குஞ்சுங்க இப்பதான் எறக்க மொளைச்சி கெடக்குது. சரம் வெடிச்சா பெருசுங்க எல்லாம் ஒரே தாவா எழும்பும்மா. அந்த ஒதறல்ல குஞ்சுங்க கூட்டுலேர்ந்து கீழ விழுந்துடும். விழுந்தா அம்மாக்காரி எறங்கி வந்து எடுத்துக்கினு போவாது. பருந்து கொத்திடும். ஒரு வெடிக்கு ஒரு வருஷமே போயிடும்.”

“உங்க நைனாவும்தான் விழுந்துட்டாரு. எந்தப் பறவ வந்து எடுத்துது?”

“அதுக்கு இன்னாமா தெரியும்?”

“அதான் சொல்றேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. எனுக்குத் தெரியுது.”

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து தூக்கில் டீயும் பொரையும் வந்தன. முறைப்படி அண்ணன் வீட்டிலிருந்துதான் முதலில் வந்திருக்க வேண்டும். அந்த வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. அதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

கோதண்டபாணி சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். மலர்வளையம், சால்வை, கேமரா. கூடவே ‘மௌனமே மரியாதை’ என்று அச்சடித்த அட்டைகள் ஒரு கட்டு. மனிதர் செத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அச்சகம் அவ்வளவு சுறுசுறுப்பு. பிளாஸ்டிக் நாற்காலியை ஜான்சன் தன் துண்டால் இரண்டு முறை துடைத்தான். அதன் பிறகும் அவர் விளிம்பில்தான் உட்கார்ந்தார். டீயை வாங்கிக் கீழே வைத்தார். அதில் ஈ விழுகிறவரை அது அங்கேயே இருந்தது.

“முனுசாமி போனது எனக்கு ஒரு கூழைக்கடா போன மாதிரி,” என்றார்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

“ஜான்சன், நான் ஒரு ஐடியா பண்ணியிருக்கேன். ஒரு பறவைக் காவலனுக்கு மௌன ஊர்வலம். எல்லாரும் வெள்ளைச் சட்டை, கையில அட்டை. கரைமேல மெதுவா நடந்து வர்றோம், மேலேர்ந்து ட்ரோன்ல எடுக்கறோம். ரேஞ்சர் சார் மதகுகிட்ட நின்னு மாலை போடுவார். இதுவரைக்கும் எந்த ஊர்லயும் நடந்ததில்லை.”

“சரி சார்,” என்றான் ஜான்சன்.

“மேளம் வேணும் சார்,” என்றாள் கங்கையம்மாள்.

கோதண்டபாணி திரும்பினார். கங்கையம்மாள் அவர் கடையில் கூட்டிப் பெருக்குகிறவள். அவள் குரலை இவ்வளவு நீளமாக அவர் கேட்டது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

“கங்கா, நீ நம்ம கடை ஆளு. கட்டுப்பாடு உனக்குத் தெரியாதா? உன் புருஷன் கட்டிக் காத்ததுதானே?”

“உங்க அப்பாரு போன மார்கழியிலதான சார் போனாரு. மூணு செட்டு மேளம் வந்துது. வெடிச்ச பேப்பரு தெரு பூராவும் மொழங்கால் ஒசரம். நாந்தான் பெருக்கினேன்.”

“அது தெருவுலம்மா. தெருவுக்கும் ஏரிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? நாங்க மெஷின் வெச்சுப் பாத்திருக்கோம். தெருவுல என்ன அடிச்சாலும் பறவைக்கு ஒண்ணும் ஆகாது. பிரச்சினை கரையிலதான்.” சால்வையை ஐஸ் பெட்டிமேல் விரித்து, சங்கத்தின் பெயர் தெரிகிற பக்கமாக இழுத்துவிட்டார். “காரியம் முடிஞ்சு நீ கடைக்கு வரணும் இல்ல? பாத்து நடந்துக்க.”

அவர் கார் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் தில்லையம்மாள் வந்தாள். இரண்டு வருஷம் கழித்து வருகிறவள் அழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, நிலைப்படியில் சாய்ந்து பெட்டிக்குள் பார்த்தாள்.

“இன்னா கங்கா, மேளம் சொல்லிட்டியா?”

“அழ வந்தியாக்கா, ஆட்டம் பாக்க வந்தியா?”

“ஆட்டம் பாக்கணும்னா மேளம் வேணுமே. அதான் இல்லியாமே.” சால்வையைப் பார்த்தாள். “மொதலாளி போத்திட்டுப் போனாரா? நல்லா கீது. ஐஸ் பொட்டியில கெடக்கறவனுக்குச் சால்வ.”

“பெரிம்மா, இப்ப போயி...” என்றான் ஜான்சன்.

“நீ சும்மா இருடா சாரு மோரு. உங்க பெரியப்பன் போனப்போ ஒரு தகர டப்பா தட்ட உட்டானா உங்க நைனா? ‘குஞ்சு கீது, குஞ்சு கீது’ன்னு கைய விரிச்சிக்கினு நின்னான். சரி, குஞ்சு நல்லா இருக்கட்டும்னு வாய மூடிக்கினு போனேன். பொதைச்சிட்டு வந்து இதே தெருவுல போறேன், எவனும் மொகத்த பாக்கல. எவ்ளோ கேவலமா இருந்துது தெரியுமா?” கங்கையம்மாள் பக்கம் திரும்பினாள். “இன்னிக்கி இவனுக்கு மட்டும் கரைமேல மேளம் கேட்டுது, குறுக்கால படுத்துக்குவேன். என்னை மிதிச்சிட்டுத்தான் போவணும்.”

“உன்னை எவ மிதிக்கறது? சேறு ஒட்டும்.”

வாசலில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

“அவ்ளோ ஆசையா இருந்தா போயி கோதண்டபாணி தெருவுல அடிங்கடி!” என்று கத்தினாள் தில்லையம்மாள். “அங்க அடிச்சாதான் பறவைக்குக் காது கேக்காதாமே! கொண்டுபோயி அவன் வூட்டு வாசல்ல அடிங்க!”

நன்றாகத் திட்டிவிட்ட திருப்தியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். கங்கையம்மாள் பெட்டியின் கண்ணாடிமேல் இருந்த சால்வையைச் சுருட்டிக் கீழே வைத்தாள். கண்ணாடி பனி பூத்து, உள்ளே முனுசாமியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

“பாய்.”

“சொல்லுமா.”

“பெரிய செட்டே வரச்சொல்லு.”

ஜான்சனுக்குத்தான் முதலில் புரிந்தது. பயப்படுகிறவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்கள் சீக்கிரம் புரியும். காலனியிலிருந்து இடுகாட்டுக்குக் கரைவழி பக்கம். இன்னொரு வழியும் இருக்கிறது: தார் ரோட்டில் ஏறி, ஊர்த்தெரு முழுக்க நடந்து, பஜனைக் கோயிலைச் சுற்றி, மதகுப் பக்கமாகக் கரைக்கு இறங்கலாம். கால்நடைகள் போகும், பள்ளிக்கூட வேன் போகும். காலனிப் பிணம் போனதில்லை.

“யம்மா, தெரு வழியாவா? வெட்டுவாங்கம்மா.”

“எதுக்கு வெட்டுவாங்க? பறவைய காப்பாத்தறதுக்குத்தான போறோம். அபி, நீ சொல்லு. தெருவுல வெடிச்சா குஞ்சு விழுமா?”

அபி யோசித்தாள். அவள் பார்த்துப் பார்த்து வைத்திருந்த திட்டு அது. “விழாதும்மா. அவரு அப்பாருக்கு வெடிச்சப்போ நான் கரைமேலதான் இருந்தேன். ஒண்ணுகூட தல தூக்கிப் பாக்கல. மதகாண்ட நிறுத்திடணும். அதுக்கு இந்தாண்டயே.”

“நிறுத்திக்கலாம்.”

தில்லையம்மாள் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். தான் வசவாகச் சொன்னது நிஜமாகவே நடக்கப் போகிறது.

கானாப் பார்ட்டி வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தது. பாட்டுக்காரனுக்குக் குரல் கட்டியிருந்தது. எல்லாச் சாவுக்கும் அவனிடம் ஒரே பாட்டுதான். தங்கமான மனுசன், தெருவுக்கே ராசா, எங்களை உட்டுப் போனியே. பெயர் மட்டும் மாறும். “அண்ணன் பேரு இன்னாக்கா?” என்று கேட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். முனுசாமி தங்கமான மனுசன் என்று மைக்கில் கேட்டபோது காலனியில் பலபேர் தரையைப் பார்த்தார்கள். ஆனால் மேளம் பொய் சொல்வதில்லை என்பதுபோல் கால்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. குடித்தவர்கள் ஆடினார்கள், குடிக்காதவர்கள் குடித்தவர்களைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் ஆடினார்கள். பெண்கள் முச்சந்தியோடு நிற்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கங்கையம்மாள் அவரைக் கடந்து போனாள், பின்னால் மற்றவர்களும் போனார்கள். கடைசியில், யாரோடும் சேராமல், குறுக்கே படுப்பதற்கு வாகான தூரத்தில் தில்லையம்மாள் வந்தாள்.

பல்லக்கு ஊர்த்தெருவில் திரும்பியதும் முதலில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. பிறகு, எட்டிப் பார்ப்பதற்காகத் திறந்தன. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குறுக்கே நின்றார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மௌன ஊர்வலத்துக்காக வெள்ளைச் சட்டை போட்டு மதகுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கோதண்டபாணி அப்படியே ஓடி வந்தார்.

“கங்கா, என்ன அக்கிரமம் இது? இது உங்க வழியா?”

மேளம் தணிந்தது.

“கரைமேல அடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார். தெருவுல எவ்ளோ அடிச்சாலும் பறவைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க. மெஷின் வெச்சிப் பாத்தீங்களாமே.”

“அது... நான் சொன்னது வேற.” சுற்றிப் பார்த்தார். குறுக்கே நின்றவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரு. நான் பேசிக்கறேன். கரைவழியாவே போங்க. மேளம் வேணும்னா அடிச்சுக்குங்க. வெடியும் வெடிச்சுக்குங்க. ஒருநாள்தானே, பறவைங்க பழகிக்கும்.”

“குஞ்சுங்க கீழ விழுந்துடும் சார்,” என்றாள் அபி.

“ரெண்டு குஞ்சு விழுந்தா என்னம்மா இப்போ? இயற்கையில அதெல்லாம் சகஜம்தானே.”

பின்னாலிருந்த கூட்டம் விலகியது. தில்லையம்மாள் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கோதண்டபாணியின் வெள்ளைச் சட்டையை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். பார்த்த மாதிரியே இல்லாமல் பாட்டுக்காரன் பக்கம் திரும்பினாள்.

“தே, பாட்டுக்காரப் பையா. இன்னொரு பேரு எழுதிக்க. ராமலிங்கம்.”

“யாருக்கா அது?”

“இவனுக்கு அண்ணன். ரெண்டு வருஷமா காத்துக்கினு கெடக்கறான். பாடு.”

பாட்டுக்காரன் உள்ளங்கையில் எழுதினான். மேளம் எகிறியது. கங்கையம்மாள் தில்லையம்மாளின் கையைப் பிடித்தாள். தில்லையம்மாள் உதறினாள். பிறகு அவளே பிடித்துக்கொண்டு, குறுக்கே நின்ற ஆண்களை நோக்கி நேராக நடந்தாள். சேறு ஒட்டும் என்று அவர்களும் நினைத்தார்களோ என்னவோ, தொட்டுத் தடுக்க ஒருவரும் முன்வரவில்லை. தள்ளினால் தொட வேண்டும். அந்த அருவருப்புதான் அன்றைக்கு அவர்களுக்கு வழிவிட்டது. ஷபியுல்லாவின் ஆள் சரத்தைக் கோதண்டபாணி வீட்டு வாசலில் விரித்துப் பற்றவைத்தான். புகையில் மாடி வீடு கொஞ்ச நேரம் இல்லாமல் போயிற்று. தங்கமான மனுசன் முனுசாமி, தங்கமான மனுசன் ராமலிங்கம், தெருவுக்கே ராசா. ஜான்சன் பல்லக்கைத் தூக்கிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே, வாழ்க்கையில் முதல் முறையாகத் தெருவின் நட்டநடுவில் நடந்தான்.

பஜனைக் கோயிலைத் தாண்டி, மதகு கண்ணில் பட்டதும் கங்கையம்மாள் கையை உயர்த்தினாள். மேளம் பாதி அடியில் நின்றது. பாட்டுக்காரன் ‘ராசா’வில் ‘ரா’ மட்டும் பாடிவிட்டு வாயை மூடினான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையானார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இந்தக் கரைமேல் எப்படி நடப்பது என்று அவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

சாயங்கால வெளிச்சம் தண்ணீர்மேல் கிடந்தது. திட்டில் பெரிய கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. மொட்டைத் தலைக் குஞ்சுகள் தாயின் தொண்டைப்பைக்குள் தலையை விட்டு அசிங்கமாக இரை பிடுங்கித் தின்றன. ஒன்றுகூடக் கரைப்பக்கம் திரும்பவில்லை. கரையில் ரேஞ்சரும், அட்டைகளோடு வெள்ளைச் சட்டைச் சங்கத்துக்காரர்களும் நின்றிருந்தார்கள். தெருவில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. ஊர்வலத்தின் ஒழுங்கைப் பார்த்து ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். ஒருவர் கேமராவைத் தூக்கினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. கோதண்டபாணி. வெள்ளைச் சட்டையில் வெடிமருந்துக் கரி, தலையில் சிவப்புப் பேப்பர்த் துணுக்குகள். வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு இறங்கும்போதே கத்தினார்.

“நன்றி கெட்ட ஜாதிங்களா! எங்க வாசல்லயே வெச்சு...”

திட்டின் ஓரத்து மரத்தில் ஒரு கூழைக்கடா சிறகை விரித்துத் தலையைத் தூக்கியது. அபி மூச்சைப் பிடித்தாள்.

கங்கையம்மாள் திரும்பினாள். ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

“உஷ். மெதுவா பேசுங்க சார். குஞ்சுங்க விழுந்துடும்.”

கோதண்டபாணி ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் அவரைப் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் ‘மௌனமே மரியாதை’யை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோதண்டபாணியின் வாய் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மூடியது.

பல்லக்கு கடந்தது. தில்லையம்மாள் கடைசியாக அவரைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, மூடிய வாய் மூடியபடிதான் இருக்கிறதா என்று முகத்துக்கு நேராகப் பார்த்துவிட்டுப் போனாள்.